இரு நாட்டு உரிமை பெற்ற திரைப்படங்கள்

ஒரு திரைப்படம் எந்த நாட்டுக்குரியது என்ற வினாவுக்கு விடை கூறுதல் எளிதெனவே தோன்றும். பேசப்படும் மொழியைக் கொண்டோ, நெறியாளரின் பெயரைக் கொண்டோ, திரையிற் காணும் வீதிகளைக் கொண்டோ இது பிரெஞ்சுப் படம், இது இத்தாலியப் படம் என்று பிரித்துவிடுகிறோம். ஆனால், 1952ஆம் ஆண்டில் வெளிவந்த 'டொன் கமிலோவின் சிற்றுலகம்' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கதை ஜொவன்னீனோ குவரெஸ்கி என்னும் இத்தாலிய எழுத்தாளருடையது. நெறிப்படுத்தியவர் ஜூலியன் டுவிவியே என்னும் பிரெஞ்சுக்காரர். படம் பிடிக்கப்பட்ட இடம் வட இத்தாலியிலுள்ள பிரெஷெல்லோ என்னும் சிற்றூர். கத்தோலிக்கக் குருவானவராக நடித்த பெர்னாண்டெல் பிரான்சின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். அவரோடு ஓயாது மல்லுக்கு நிற்கும் பொதுவுடைமைக் கட்சி நகரத் தலைவராக நடித்த ஜீனோ சேர்வி இத்தாலியர். பாரிஸ் நகரில் அப்படம் காட்டப்பட்டபோது இருவரும் பிரெஞ்சு மொழியில் வாதிட்டனர். உரோமாபுரியில் இருவரும் இத்தாலிய மொழியில் வாதிட்டனர். பிரான்சில் மட்டும் 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் அதற்கு விற்பனையாயின. இப்படம் எந்நாட்டுக்குரியது?

பிரெஞ்சுச் சட்டத்தின்படி அது பிரெஞ்சுப் படம். இத்தாலியச் சட்டத்தின்படி அது இத்தாலியப் படம். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதற்கு இடமளித்தது அவ்விரு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையாகும். திரைப்படக் கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கைகள் என்று இன்று உலகமெங்கும் வழங்குகின்றவற்றுக்கு அதுவே முன்மாதிரி. அது எதற்காக எழுந்தது, எவ்வாறு தொழிற்பட்டது, கலைக்கு நன்மை செய்ததா தீமை செய்ததா என்பனவற்றையே ஈண்டு நோக்குவோம்.

ஒரு படத்துக்கு நாட்டுரிமை எதற்கு என்று நேயர்கள் வினவலாம். உடைக்கும் உணவுக்கும் இல்லாத அக்கறை படத்துக்கு ஏன்? காரணம் மிகவும் உலகியல் சார்ந்தது. தன் நாட்டுப் படத்துக்கென அரசாங்கம் ஒதுக்கியுள்ள உதவிப்பணம் தன் நாட்டுப் படத்துக்கே கிடைக்கும். படமாளிகைகள் ஆண்டில் இத்தனை வாரம் சொந்த நாட்டுப் படங்களையே காட்டல் வேண்டும் என்ற விதி இருப்பின், அவ்வாரங்களும் அதற்கே உரியன. பிறநாட்டுப் படங்களுக்கு விதிக்கப்படும் தீர்வையும் கட்டுப்பாடும் அதனைத் தொடமாட்டா. நாட்டுரிமையில்லாத படம் இவையனைத்தையும் இழந்து, சந்தையில் வெறுங்கையுடன் நிற்கும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் அச்சந்தையின் நிலை எவ்வாறிருந்தது? போர்க்காலத்திற் பிரான்சிலும் இத்தாலியிலும் அமெரிக்கப் படங்களின் வரவு தடைப்பட்டிருந்தது. அவ்வாண்டுகளில் ஹொலிவூட்டிற் செய்து குவிக்கப்பட்ட படங்கள் யாவும், போர் ஓய்ந்ததும், அணையுடைந்த வெள்ளம்போல் ஒரே வீச்சில் வந்திறங்கின. அவை சிறந்த படங்களா அல்லவா என்பது வேறு கதை. சிறந்தனவும் பல இருந்தன. இடர் கணக்கிலேதான் இருந்தது. அமெரிக்கப் படம் தன் செலவைத் தன் பரந்த உள்நாட்டிலேயே மீட்டுக்கொள்ளும். கடல் கடந்து ஈட்டுவது மேலதிக இலாபம். ஆதலின் அதனை எவ்விலைக்கும் விற்கலாம். பிரெஞ்சுப் படமோ தன் செலவைப் பெரும்பாலும் தன் நாட்டுப் படமாளிகைகளிலிருந்தே மீட்டல் வேண்டும். ஒரே படமாளிகையில், ஒரே வாரத்துக்காக இவ்விரண்டும் போட்டியிட்டால் வெல்வது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

1946ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரெஞ்சு அரசாங்கத்தின் சார்பில் லெயோன் புளூமும் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் ஜேம்ஸ் பேர்ன்ஸும் வாஷிங்டனில் ஓர் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டனர். பிரான்சின் போர்க்காலக் கடன்களைத் தள்ளுவதும் புதுக்கடன் அளிப்பதுமே அதன் நோக்கம். ஆனால் அதனோடு திரைப்படத்தைப் பற்றிய ஒரு பகுதியும் சேர்ந்து வந்தது. போருக்கு முன்னர் வெளிநாட்டுப் படங்களின் எண்ணிக்கைக்கு விதிக்கப்பட்டிருந்த வரம்பு நீங்கியது. அதற்கு ஈடாக, 13 வாரங்களுக்கு 4 வாரம் மட்டும் பிரெஞ்சுப் படங்களுக்கென ஒதுக்கப்பட்டது. கடன்பட்டவன் வாசலில் நின்று பேரம் பேசும்போது குரல் தாழ்ந்தே ஒலிக்கும். 1948ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நடிகர்களும் நெறியாளர்களும் தொழிலாளரும் பாரிஸ் வீதிகளில் ஊர்வலம் சென்றனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் அந்த 4 வாரம் 5 வாரமாயிற்று. மொழிமாற்றப்பட்ட அமெரிக்கப் படங்கள் ஆண்டுக்கு 121க்கு மேற்படலாகாது என்ற வரம்பும் வந்தது.

அதே ஆண்டு செப்டெம்பரிற் பிரெஞ்சுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று என் கருத்தில் ஊர்வலங்களினும் வலிமை வாய்ந்தது. ஒவ்வொரு நுழைவுச் சீட்டின்மீதும் சிறிய வரி ஒன்று அறவிடப்பட்டது. அவ்வரிப்பணம் பொதுத் திறைசேரிக்குச் செல்லாது தனி நிதியொன்றிற் சேர்ந்து, பிரெஞ்சுத் தயாரிப்பாளரின் அடுத்த படத்துக்கு உதவியாகத் திரும்பியது. இதிலுள்ள நுட்பம் யாதெனின், அமெரிக்கப் படத்தைப் பார்க்கச் சென்றவனும் அவ்வரியைச் செலுத்தினான். எதிரியின் குதிரையிலேறி எதிரியைத் துரத்துதல் என்பது இதுவே. 1949இல் இத்தாலியும் தன் படங்களுக்கு உதவியளிக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது.

அண்டை நாடுகள் இரண்டு. இரண்டுக்கும் ஒரே இடர். இரண்டிலும் உதவிப்பணம் உண்டு. ஆனால் தனித்து நின்றால் இரண்டும் போதா. எனவே 1946இல் ஏற்பட்ட தற்காலிக இணக்கமொன்று, 1949ஆம் ஆண்டு ஒக்டோபரில் முறையான உடன்படிக்கையாக உருப்பெற்றது.

அது தொழிற்பட்ட முறையைச் சற்று விரிவாகக் கூறுதல் நன்று. ஏனெனில் பின்னர் வந்த உடன்படிக்கைகளெல்லாம் இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டவை. இரு நாட்டுத் தயாரிப்பாளர் ஒவ்வொருவர் ஒன்று சேர்வர். ஒருவர் பெரும்பங்கு இடுவார்; மற்றவர் சிறுபங்கு இடுவார். அச்சிறுபங்கும் குறித்த அளவுக்குக் குறையலாகாது. பணத்தை மட்டும் நீட்டிவிட்டு ஒதுங்கவும் இயலாது. தன் பங்கின் அளவுக்கேற்பத் தன் நாட்டு நடிகரையும் கலைஞரையும் தொழில்நுட்ப வல்லுநரையும் அவர் தருதல் வேண்டும். படத்தின் மூல நெகட்டிவ் இருவருக்கும் பொதுச் சொத்து. பிரான்சில் வரும் வருவாய் பிரெஞ்சுக்காரருக்கு. இத்தாலியில் வருவது இத்தாலியருக்கு. ஏனைய நாடுகளில் வருவது முதலிட்ட விகிதப்படி பங்கிடப்படும். நடிகரும் கருவிகளும் எல்லையைக் கடந்து செல்வதற்கு இரு அரசாங்கங்களும் வழிவிடல் வேண்டும். இவற்றிலெல்லாம் முக்கியமானது சமநிலை விதியாகும். ஓராண்டிற் பிரெஞ்சுப் பங்கு மிகுந்த படங்கள் பல எடுக்கப்பட்டால், அதற்கீடாக இத்தாலியப் பங்கு மிகுந்த படங்களும் எடுக்கப்படல் வேண்டும். இரு நாட்டு அதிகாரிகளும் அமர்ந்த கலப்புக் குழு ஒன்று கூடி அத்தராசைப் பார்த்து வந்தது. விருந்துக்குச் சென்றவன் மறுமுறை விருந்து வைக்கவேண்டும் என்ற நம்மவர் வழக்கத்தை இதற்கு ஒப்பிடலாம்.

விளைவு என்ன? ஒரு தயாரிப்பாளருக்கு இரண்டு உள்நாட்டுச் சந்தைகள் கிடைத்தன. இரண்டு உதவிப்பணங்கள் கிடைத்தன. அதனால், தனித்து எண்ணிப் பார்க்கவும் அஞ்சிய செலவிற் படமெடுக்க இயன்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் இவ்வாறு நூற்றுக்கணக்கான படங்கள் வெளிவந்தன. ஹென்றி ஜோர்ஜ் குளூசோவின் 'அச்சத்தின் கூலி' 1953இற் கான் விழாவின் உயர் பரிசையும் பேர்லின் விழாவின் தங்கக் கரடியையும் ஒருங்கே பெற்றது. வெடிமருந்து ஏற்றிய பாரவண்டிகளைக் கரடுமுரடான மலைப்பாதையிற் செலுத்திச் செல்லும் நால்வரின் கதை அது. கதை நிகழ்வது தென் அமெரிக்காவில். படம்பிடித்ததோ தென் பிரான்சில். அந்நால்வருள் ஒருவராக நடித்த போல்கோ லூல்லி இத்தாலியர். மற்றொருவரான ஈவ் மொந்தோன் பிரான்சின் பெரும் பாடகர் எனினும், பிறந்தது இத்தாலியில். பெடெரிக்கோ பெல்லினியின் 'இனிய வாழ்வு', லூக்கினோ விஸ்கொந்தியின் 'றொக்கோவும் சகோதரர்களும்' ஆகிய 1960ஆம் ஆண்டுப் படங்களும் இவ்வழியில் வந்தவையே. தென் இத்தாலியிலிருந்து மிலான் நகருக்குப் பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்தின் கதையில், றொக்கோவாக நடித்தவர் அலன் டெலோன் என்னும் பிரெஞ்சு இளைஞர் என்பதை அப்படத்தைப் பார்த்த எவரும் குறையாக நினைத்ததில்லை.

இத்தாலிய நெறியாளரின் படத்திற் பிரெஞ்சு நடிகர் தோன்றுவதற்கு உடன்படிக்கையே முழுக் காரணம் என்று கூறுதல் மிகையாகும். கலைஞனின் தெரிவுக்கும் அதிற் பங்குண்டு. ஆயினும் அத்தெரிவுக்குச் செலவு செய்யப் பணமிருந்தது உடன்படிக்கையினால்.

இனி, மறுபக்கத்தைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. விதி ஒன்று பிறந்தால் அதனை ஏய்க்கும் வழியும் உடன்பிறப்பாகப் பிறக்கும். உதவிப்பணத்தைப் பெறுதற்கென்றே பெயரளவிற் பங்காளி ஒருவரைத் தேடிக்கொண்ட தயாரிப்பாளர் இருந்தனர். கதைக்குத் தேவையோ இல்லையோ, கணக்கை நிரப்புதற்காக அயல்நாட்டு நடிகர் ஒருவர் இரண்டு காட்சியில் வந்து போவார். எந்த ஊரிலும் நிகழாத கதை, எவருக்கும் உரியதல்லாத பேச்சு, எல்லாருக்கும் ஏற்றதாகச் சுவை குறைக்கப்பட்ட நிகழ்ச்சிகள் என்றிவ்வாறு அமைந்த படங்களைப் பிற்காலத் திறனாய்வாளர் 'ஐரோப்பியப் புடிங்' என்று ஏளனம் செய்தனர்.

மொழியின் கதி இதனினும் வருந்தத்தக்கது. இத்தாலியிற் பிறமொழிப் படங்களை மொழிமாற்றியே காட்டும் வழக்கம் முசோலினி காலத்திலேயே வேரூன்றியிருந்தது. இத்தாலியப் படங்களுக்கும் குரல் பின்னரே சேர்க்கப்பட்டது. எனவே எந்நாட்டு நடிகரும் எந்த மொழியிலும் வாயசைக்கலாம். வேறொருவர் குரல் கொடுப்பார். கூட்டுத் தயாரிப்புக்கு இது மிகவும் வசதியானது. ஆனால் ஒரு நடிகரின் குரல் அவர் நடிப்பிற் பாதி என்பதை வானொலியோடு பழகிய நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஜோன் லூக் கொடார் 1963இல் எடுத்த 'இகழ்ச்சி' என்னும் படம். இத்தாலிய எழுத்தாளர் அல்பேர்ட்டோ மொராவியாவின் நாவலைத் தழுவியது அது. பிரிஜித் பார்டோ, மிஷெல் பிக்கொலி ஆகிய பிரெஞ்சு நடிகரும், ஜக் பாலன்ஸ் என்னும் அமெரிக்கரும், ஜேர்மன் திரையுலகின் மூதறிஞர் பிரிட்ஸ் லாங்கும் அதில் நடித்தனர். கதையும் இத்தகைய கூட்டுப்படம் ஒன்று எடுக்கப்படுவதைப் பற்றியதே. உரோமாபுரியின் படப்பிடிப்பு நிலையத்திற் கூடும் அவர்கள் தத்தம் மொழியிற் பேசுகின்றனர். ஒருவர் பேச்சை மற்றவர் விளங்குவதில்லை. பிரான்செஸ்கா என்னும் மொழிபெயர்ப்பாளர் அவர்களிடையே ஓடியாடி ஒவ்வொரு சொல்லையும் மாற்றிக் கூறுகிறார். சிலவேளை சுருக்கியும், சிலவேளை சற்றே திரித்தும் கூறுகிறார். கணவனும் மனைவியும் ஒரே மொழியைப் பேசியும் ஒருவரையொருவர் விளங்காது போவதுதான் கதையின் உயிர்நாடி. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு அதற்கு நிழல்போல் உடன்வருகிறது. இப்படத்தின் இத்தாலியப் பிரதியில் எல்லாரையும் இத்தாலிய மொழியிலேயே பேசவைத்தனர். பின்னர், எல்லாரும் ஒரே மொழி பேசும் இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேலை? அவர் வாயில் வேறு பேச்சுகளைப் புகுத்தவேண்டியதாயிற்று. படத்தின் நீளமும் குறைக்கப்பட்டது, இசையும் மாற்றப்பட்டது. கொடார் அப்பிரதியைத் தம்முடையதென ஏற்க மறுத்தார். இரு நாட்டு உரிமை பெற்ற படம் ஒரு நாட்டில் தன்னைத்தானே இழந்த கதை இது.

அவ்வாறாயின் ஒப்பந்த விதிகள் கலைக்குப் பகையா? அப்படியும் சொல்வதற்கில்லை. அலன் ரெனே 1959இல் எடுத்த 'ஹிரோஷிமா, என் அன்பே' பிரெஞ்சு, ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டு முயற்சி. முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவர் பிரெஞ்சுக்காரராகவும் மற்றவர் ஜப்பானியராகவும் இருத்தல் வேண்டும், படம் இரு நாட்டிலும் பிடிக்கப்படல் வேண்டும் என்பன தயாரிப்பாளர் விதித்த நிபந்தனைகள். அணுகுண்டைப் பற்றிய விவரணப் படமாகத் தொடங்கிய எண்ணம், எழுத்தாளர் மார்கரித் டியுராவின் கையில் வேறாயிற்று. ஹிரோஷிமாவுக்கு வந்த பிரெஞ்சு நடிகை ஒருத்தியும் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஒருவரும் சந்திக்கின்றனர். அவளுக்குப் பிரான்சின் நெவேர் நகரிற் போர்க்காலத்து நினைவு. அவருக்குத் தன் நகரின் அழிவு. கணக்கர் எழுதிய நிபந்தனையே கதையாக மலர்ந்ததென்றால் மிகையன்று. இரண்டு நாடுகள் இன்றி அக்கதை இல்லை. ஒரு கூட்டுத் தயாரிப்பை மதிப்பிடுதற்கு நான் கேட்கும் கேள்வியும் இதுவே: இரண்டாவது நாட்டைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால், குறைவது பணம் மட்டுமா, கதையுமா?

வணிகப் படங்களைப் பற்றி இதுவரை பேசினோம். கல்விக்கும் அறிவியலுக்கும் உரிய படங்களை வேறு வகையான உடன்படிக்கைகள் காத்தன. யுனெஸ்கோ நிறுவனம் 1948இற் பெய்ரூட் நகரிலும் 1950இற் புளோரன்சு நகரிலும் இரண்டு உடன்படிக்கைகளை ஏற்றது. கல்வி, அறிவியல், பண்பாட்டுத் தன்மையுடைய படங்கள் சுங்கத் தீர்வையின்றி எல்லை கடக்கலாம் என்பது இவற்றின் சாரம். செய்திப் படங்களுக்கும் இச்சலுகை உண்டு. ஆனால் பிரதியெடுத்தற் பொருட்டு ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு பிரதிகள் மட்டுமே தீர்வையின்றி வரலாம் எனப் புளோரன்சு உடன்படிக்கை எண்ணியே எழுதிவைத்தது. அவ்வுடன்படிக்கையில் முற்படச் சேர்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

பிரெஞ்சு இத்தாலிய முன்மாதிரியைப் பிறநாடுகள் விரைவிற் பின்பற்றின. கனடா தன் முதற் கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கையை 1963இற் பிரான்சோடு செய்துகொண்டது. இந்தியா 1985இற் பிரான்சோடும், பின்னர் இத்தாலி, பிரித்தானியா, ஜேர்மனி முதலிய நாடுகளோடும் செய்துகொண்டது. இரண்டிரண்டு நாடுகளாகக் கைகோத்துவந்த ஐரோப்பா, 1992ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பல நாடுகளுக்கும் பொதுவான சமவாயம் ஒன்றை ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் உருவாக்கியது. அதிற் படத்தின் ஐரோப்பியத் தன்மையை அளக்கப் புள்ளி முறை ஒன்று புகுந்தது. நெறியாளர் ஐரோப்பியராயின் 3 புள்ளி, திரைக்கதையாசிரியருக்கு 3, முதல் நடிகருக்கு 3, இசையமைப்பாளருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் ஒவ்வொன்று. மொத்தம் 19 புள்ளியில் 15 பெற்றால் அது ஐரோப்பியப் படம். இசையமைத்தவனுக்கு ஒரே புள்ளிதானா என்று நம் நாட்டு ரசிகர் சினங்கொள்ளக்கூடும். பாட்டில்லாத படத்தைப் படமென்று ஒப்பாத மரபு நம்முடையது! 2017இல் அச்சமவாயம் திருத்தப்பட்டு, ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடுகளும் சேர்வதற்குக் கதவு திறக்கப்பட்டது.

இவ்வுடன்படிக்கைகளுக்குச் சட்ட அடிப்படையில் ஓர் இடர் உண்டு. ஒரு நாட்டுக்கு அளித்த சலுகையை எல்லா நாட்டுக்கும் அளித்தல் வேண்டும் என்பது உலக வணிக விதி. கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கையோ நண்பருக்கு மட்டும் அளிக்கும் சலுகை. 1947ஆம் ஆண்டுப் பொது வணிக உடன்பாடு திரைப்படத்துக்கென வார ஒதுக்கீட்டை அனுமதித்திருந்தது. சேவைகளின் வணிகம் பற்றிய பிற்கால உடன்பாட்டில், நாடுகள் பல தம் கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கைகளைத் தனி விலக்காகப் பதிவு செய்துகொண்டன. 2005ஆம் ஆண்டு ஒக்டோபரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு வெளிப்பாடுகள் பற்றிய சமவாயம் வாக்குக்கு வந்தபோது 148 நாடுகள் ஆதரித்தன. ஐக்கிய அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்த்தன. கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கைகளை ஊக்குவித்தல் வேண்டும் என்று அச்சமவாயம் வெளிப்படையாகவே கூறுகிறது. 1946இல் வாஷிங்டனில் தொடங்கிய வழக்கு அறுபதாண்டு நீடித்தது எனலாம்.

நம் நாட்டைப் பொறுத்தவரை, உடன்படிக்கை என்ற சொல் பிறக்குமுன்னரே அச்செயல் நிகழ்ந்துவிட்டது. முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947ஆம் ஆண்டு சனவரியில் திரைக்கு வந்தது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். நெறிப்படுத்திய ஜோதிஷ் சிங் வங்காளத்தவர். நடித்தவர்கள் இலங்கையின் மினேர்வா நாடகக் குழுவினர். படம் பிடிக்கப்பட்டது மதுரையில். அப்பொழுது இந்தியாவும் இலங்கையும் விடுதலை பெறாத நாடுகள். உடன்படிக்கை செய்துகொள்ளுதற்கு இரண்டு அரசுகளே இருக்கவில்லை. பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்திய நிலையங்களிலேயே உருவாயின. ஆனால் அக்கூட்டில் மேற்சொன்ன சமநிலை விதி எதுவும் இருந்ததில்லை. கருவியும் வல்லுநரும் ஒரு கரையிலேயே இருந்தமையால் தொழிலும் அக்கரையிலேயே வளர்ந்தது. 1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் தம் 'ரேகாவ' படத்துக்கென ஒளிப்படக் கருவியை இலங்கைக் கிராமத்துக்கே கொண்டுசென்றது இதனாலேயே பெருநிகழ்ச்சியாகப் பேசப்படுகிறது.

அதன் பின்னரும் கூட்டு முயற்சிகள் அவ்வப்போது நிகழ்ந்தன. 1978இற் சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் நடித்த 'பைலட் பிரேம்நாத்' இந்திய இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு. பிரெஞ்சு நிறுவனங்களின் கூட்டுறவோடு விமுக்தி ஜயசுந்தர எடுத்த 'சுலங்க எனு பினிச' 2005இற் கான் விழாவில் முதற்படத்துக்குரிய தங்கக் கமரா பரிசைப் பகிர்ந்துகொண்டது. 2023இற் பிரசன்ன விதானகே எடுத்த 'பரடைஸ்' இந்தியத் தயாரிப்பாளருடன் உருவானது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் நடுவே இலங்கைக்கு உல்லாசப் பயணம் வரும் மலையாளத் தம்பதியரின் கதை அது. அதிற் பொலிஸார் சிங்களத்தில் விசாரிக்கின்றனர். தம்பதியர் தம்முள் மலையாளத்திற் பேசுகின்றனர். தமிழும் ஆங்கிலமும் இடையிடையே ஒலிக்கின்றன. யாருடைய குரலையும் வேறு மொழிக்கு மாற்றாமல், அடியில் எழுத்து வடிவில் மட்டும் பொருள் கூறி அப்படம் பூசான் விழாவிற் காட்டப்பட்டது. அங்கு கிம் ஜிசொக் பெயரிலான பரிசையும் பெற்றது.